நாலரை மணி பஸ், ஒரு மணி ஆகாயம்

வரைபடத்தில் கோடு போட்டு அளந்தால், திருவண்ணாமலையிலிருந்து திருச்சி விமான நிலையம் சுமார் 167 கிலோமீட்டர். அங்கிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி 184. ஏறக்குறைய ஒரே தொலைவு. முதலாவதைத் திருக்கோவிலூர், உளுந்தூர்பேட்டை வழியாக பஸ்ஸில் நாலரை மணி நேரத்தில் கடந்தேன். நடுவில் ஒரு டீ. இரண்டாவதற்கு இண்டிகோவின் அட்டவணையில் ஒரு மணி நேரம்தான். நடுவில் கடல், ஒரு தேச எல்லை.

அந்த ஒரு மணியும் முழுக்கப் பறப்பதற்கில்லை. நின்ற இடத்தை விட்டு விமானம் நகர்வதில் தொடங்கி, அக்கரையில் போய் நிற்பது வரை சேர்த்துத்தான் அட்டவணை போடுகிறார்கள். இது ஏடிஆர்-72, 78 இருக்கை, இரண்டு புரொப்பெல்லர், வேகம் பிடித்தால் மணிக்கு 500 கிலோமீட்டர். அதே வேகத்தில் முழு வழியும் போக முடிந்தால் 22 நிமிடம் போதும். குடியேற்ற வரிசையில் அதைவிட அதிகம் நின்றிருந்தேன்!

இந்த விமானத்தில் எனக்குப் பிடித்தது, இறக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பது. கீழே எதையும் மறைக்காது. தஞ்சைப் பக்கத்து வயல், தென்னந்தோப்பு, கரையோரச் சேறு, பிறகு வெளிர்பச்சைக் கடல். கடல் இன்னும் கொஞ்சம் நீளட்டும் என்று நினைப்பதற்குள் பனைகள் வந்துவிட்டன. அடியில் எங்கள் பக்கத்தில் பார்க்காத சிவப்பில் மண்.

பலாலி புது நிலையமல்ல. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படை போட்ட ஓடுபாதை அது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோனின் முதல் விமானம் கொழும்பை அடுத்த இரத்மலானையில் கிளம்பி, இங்கே இறங்கித்தான் சென்னைக்கு வந்தது. உள்நாட்டுப் போரில் ஓடுபாதை ராணுவ வேலிக்குள் போனது. சுற்றியிருந்த கிராமத்து மக்கள் 1990-இல் வீடுகளை விட்டுப் போக நேர்ந்தது. எங்கள் ஊரிலிருந்து யாழ்ப்பாணம் போக நினைத்தவர் கொழும்புக்குப் பறந்து, சுமார் 400 கிலோமீட்டர் வடக்கே திரும்பி வரவேண்டியிருந்தது. 2019 அக்டோபரில் பன்னாட்டு நிலையமாகத் திறந்து, கொரோனாவில் மூடி, 2022 டிசம்பரில் சென்னை விமானம் திரும்பியது. திருச்சிக்கு 2025 மார்ச் 30-இல்தான் வழி பிறந்தது.

எங்கள் ஊர் அருணகிரிநாதர் 15-ஆம் நூற்றாண்டிலேயே கதிர்காமத்தையும் திருகோணமலையையும் பாடியவர். யாழ்ப்பாணத்துக்கும் அவர் திருப்புகழ் உண்டு. அவர் காலத்தில் இந்தக் கடலைக் கடக்கத் தோணிதான்.

கீரிமலை நகுலேஸ்வரம் கோயில் பக்கத்தில்தான் என்பதால் ஆட்டோ பிடித்தேன். கைக்கடிகாரத்தைத் திருத்த வேண்டியிருக்கவில்லை. இரண்டு நாட்டிலும் ஒரே நேரம்.

“எந்த ஊரில இருந்து வாறியள், ஐயா?”

சொன்னேன்.

“திருவண்ணாமலையோ! கார்த்திகைத் தீபத்துக்கு வரவேணும் எண்டு அம்மாக்குக் கனநாள் ஆசை. எவ்வளவு நேரம் பிடிக்கும்?”

“ஆகாயத்தில் ஒரு மணி. பஸ்ஸில் நாலரை. தீபத்தன்று வந்தால் பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். மிச்சம் நடைதான். அம்மா நடப்பாங்களா?”

“கிரிவலம் போகத்தானே வாறா” என்றார்.