சிப்பந்திகளின் பேரம்

பேரம் என்ற சொல்லுக்கு நம்முடைய வீடுகளில் அவ்வளவாக நல்ல பெயர் கிடையாது. கீரைக்காரியிடம் கட்டுக்கு இரண்டு ரூபாய் குறைத்துக் கேட்டால் அது நம் சாமர்த்தியம். அவள் இரண்டு ரூபாய் கூட்டிக் கேட்டால் அது அவளுடைய பேராசை. வீட்டு வேலை செய்கிற அம்மாள் தீபாவளிக்கு முன்னால் சம்பளத்தை உயர்த்தும்படி கேட்டுவிட்டாளானால் சாயங்காலம் வரையில் வீட்டில் அதே பேச்சுத்தான். "எதிர் வீட்டில் எவ்வளவு கொடுக்கிறார்கள்?" என்று விசாரிக்கிறோம். எதிர் வீட்டுக்காரரும் நம்மிடம் அதையே விசாரிக்கிறார். ஆகத் தெருவில் உள்ள எஜமானர்கள் எல்லாரும் கலந்து பேசித்தான் சம்பளத்தை நிர்ணயிக்கிறோம்! வேலை செய்கிறவர்களும் அப்படியே கலந்து பேசிக்கொண்டு ஒரே குரலில் கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள்; அதற்குத்தான் கூட்டுப் பேரம் என்று பெயர்.

இந்தக் கூட்டுப் பேரத்தைப் பற்றி நாம் படித்தது அதிகம், பார்த்தது குறைவு. பார்க்கும் சந்தர்ப்பம் கடல் கடந்து போன இடத்தில் வாய்த்தது. 2022-ஆம் வருஷம் ஐப்பசி மாதத்தில் நாம் கனடா தேசத்தில், ஒண்டாரியோ மாகாணத்தில், டொரண்டோ நகரைச் சேர்ந்த ஸ்கார்பரோவில் மகள் வீட்டில் தங்கியிருந்தோம். ஸ்கார்பரோ என்றால் அந்நிய பூமி என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே இலங்கைத் தமிழர்கள் ஏராளம். கடைப் பலகையில் தமிழ்; கோயிலில் தமிழ்; பஸ்ஸில் பின்னால் உட்கார்ந்திருப்பவர் டெலிபோனில் சண்டை பிடிப்பதும் தமிழில்தான்.

பேரன் இரண்டாம் வகுப்பு. சர்க்கார் பள்ளிக்கூடம். அந்த ஊரில் நடுத்தர வகுப்பாரின் குழந்தைகள் பெரும்பாலும் சர்க்கார் பள்ளிக்கூடத்துக்கே போகின்றன. (இதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டும்; இப்போது வேண்டாம்.) பள்ளிக்கூடம் என்றதும் நமக்கு உபாத்தியாயர் ஞாபகந்தான் வருகிறது. ஆனால் கட்டிடத்தைத் துடைத்துச் சுத்தம் செய்கிறவர், காரியாலயத்தில் கணக்கும் கடிதமும் பார்க்கிறவர், புத்தகசாலைக்காரர், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் குழந்தைகளைக் கவனிக்கிறவர், சிறு குழந்தைகளின் வகுப்பில் உபாத்தியாயருக்குத் துணையாக இருக்கிறவர், ஊனமுற்ற குழந்தைகளுக்கு ஊட்டிவிடுகிறவர் - இவர்களும் சேர்ந்துதான் பள்ளிக்கூடம். ஒண்டாரியோவில் இத்தகைய சிப்பந்திகள் சுமார் 55,000 பேர், கனடாப் பொது ஊழியர் சங்கத்தில் சேர்ந்திருந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள். சராசரிச் சம்பளம் வருஷத்துக்கு 39,000 டாலர் என்று சங்கம் கணக்குச் சொல்லியது. அதை ரூபாயாகப் பெருக்கிப் பார்த்துப் பெருமூச்சு விட வேண்டாம். டொரண்டோவில் வீட்டு வாடகை கொடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தத் தொகையின் உயரம் தெரியும். அதிலும் பலருக்குக் கோடை விடுமுறையில் வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை.

மகளின் பக்கத்து வீட்டு அம்மாள் அப்படி ஒரு சிப்பந்தி. யாழ்ப்பாணத்துக்காரி, ஐம்பது வயது இருக்கும். புத்தி வளர்ச்சி குறைந்த குழந்தைகளுக்குத் துணையாக இருப்பது அவளுடைய வேலை. கக்கூசுக்கு அழைத்துப் போவது, துணி மாற்றுவது, ஊட்டுவது, ஓடினால் பின்னால் ஓடுவது எல்லாம் அதில் சேர்த்தி. ஒருநாள் வேலி ஓரத்தில் நின்று பேசும்போது அவள் முழங்கையில் ஒரு காயம் இருப்பதைக் கவனித்தோம்.

"கடிச்சுப்போட்டான், ஐயா. அது பிள்ளையின்ரை குற்றமில்லை, பயந்துபோனான். பக்கத்திலை இன்னொராள் நிண்டிருந்தால் சமாளிச்சிருக்கலாம். ஆள் இல்லை" என்றாள்.

சம்பளத்தைப் பற்றி அவள் பேசியதைக் காட்டிலும் இந்த 'இன்னொரு ஆளை'ப் பற்றிப் பேசியதே அதிகம். சங்கத்தின் கோரிக்கையிலும் இது இருந்தது: பள்ளிக்கூடங்களில் ஆட்களின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும் என்பது. பத்திரிகைகளில் சதவிகிதந்தான் பெரிய எழுத்தில் வந்தது.

சதவிகிதக் கதையையும் சொல்லிவிடுகிறோம். 2019-இல் அந்த மாகாண சர்க்கார் ஒரு சட்டம் செய்து, பொது ஊழியர்களின் சம்பள உயர்வு மூன்று வருஷத்துக்கு, வருஷம் 1 சதவிகிதத்துக்கு மேல் போகக் கூடாது என்று கட்டிவிட்டது. பிறகு கோவிட் வந்தது, விலைவாசி ஏறியது. 2022-இல் கனடாவில் விலைவாசி உயர்வு 6.8 சதவிகிதம். அந்த வருஷம் ஆகஸ்டு 31-இல் சிப்பந்திகளின் ஒப்பந்தம் முடிந்தது. சங்கம் மணிக்கு 3.25 டாலர் உயர்வு கேட்டது. அது வருஷத்துக்கு ஏறக்குறைய 11.7 சதவிகிதம். சர்க்கார் கடைசியாகக் கொடுக்க முன்வந்தது குறைந்த சம்பளக்காரர்களுக்கு 2.5 சதவிகிதமும் மற்றவர்களுக்கு 1.5 சதவிகிதமும். கேட்டது அதிகமா, கொடுக்க வந்தது குறைவா என்பதைப் பற்றி நேயர்கள் எப்படி வேண்டுமானாலும் நினைக்கலாம். ஒரு தரப்பார் உயரத்தில் ஆரம்பிப்பதும் மற்றத் தரப்பார் பள்ளத்தில் ஆரம்பிப்பதும் எந்தப் பேரத்திலும் உள்ள சம்பிரதாயமே.

ஆனால் அடுத்தபடி நடந்தது பேரத்தின் சம்பிரதாயத்தில் சேர்ந்ததல்ல. வேலைநிறுத்தத்துக்குச் சங்கம் நோட்டீஸ் கொடுத்த மறுநாள், அக்டோபர் 31-ஆம் தேதி, சர்க்கார் சட்டசபையில் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தது. நான்கு வருஷத்து ஒப்பந்தத்தைச் சர்க்காரே எழுதிச் சட்டமாக்கிவிடும். வேலைநிறுத்தம் செய்தால் ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 4,000 டாலர் வரையிலும், சங்கத்துக்கு நாள் ஒன்றுக்கு 5,00,000 டாலர் வரையிலும் அபராதம். வருஷத்துக்கு 39,000 டாலர் சம்பாதிக்கிறவர்கள் பத்து நாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒரு வருஷத்துச் சம்பளமும் போய் மேலே ஆயிரம் டாலர் கடன்! நவம்பர் 3-ஆம் தேதி மசோதா நிறைவேறியது.

இன்னொரு விசேஷமும் அதில் இருந்தது. கூட்டுப் பேரம் குடிகளின் அடிப்படை உரிமையில் சேர்ந்தது என்று கனடாவின் சுப்ரீம் கோர்ட்டு 2007-இல் தீர்ப்புச் சொல்லியிருந்தது. 2015-இல் வேலைநிறுத்த உரிமையும் அதில் அடங்கும் என்றது. ஆனால் 1982-ஆம் வருஷத்து உரிமைச் சாசனத்தில் 33-ஆம் பிரிவு என்று ஒரு கொல்லைப்புறக் கதவு உண்டு. 'சில உரிமைகளுக்கு விரோதமாயிருந்தாலும் இந்தச் சட்டம் செல்லும்' என்று சட்டசபையே எழுதிக்கொள்ளலாம். ஐந்து வருஷத்துக்கு அது நிற்கும். பெரிய ஆபத்துக் காலத்துக்கென்று பலர் எண்ணியிருந்த அந்தக் கதவைப் பள்ளிக்கூடம் பெருக்குகிறவர்களின் சம்பள விவகாரத்துக்காகத் திறந்தார்கள்.

சர்க்கார் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. தொற்று நோயினால் பல மாதங்கள் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தன. குழந்தைகளின் படிப்புக் கெட்டது. இனி ஒரு நாளும் மூடக் கூடாது என்றார்கள். இதைப் பெற்றோரில் யார் மறுப்பார்கள்? ஆனால், மூடாமல் இருப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. பள்ளிக்கூடத்தை நடத்துகிறவர்களோடு பேசி முடிப்பது ஒன்று; பேசவே கூடாது என்று சட்டம் போடுவது மற்றொன்று.

மறுநாள் வெள்ளிக்கிழமை. சட்டத்தை மீறிச் சிப்பந்திகள் வெளியே வந்துவிட்டார்கள். உபாத்தியாயர்கள் வேலைநிறுத்தம் செய்யவில்லை. ஆனாலும் டொரண்டோவில் பள்ளிக்கூடங்களைத் திறக்க முடியவில்லை. குழந்தைகளின் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்குப் பதில் இல்லை. அந்த ஒரு காலை நேரத்தில், துடைப்பம் பிடிக்கிறவர்கள் இல்லாமல் பாடப்புத்தகம் திறக்காது என்பது மாகாணம் முழுவதற்கும் தெரிந்துபோயிற்று. மகள் ஆபீசுக்கு லீவு போட்டாள். பேரனுக்கு ஒரே கொண்டாட்டம்.

கடைத்தெரு மண்டபத்தில் நம்மைப்போல் பிள்ளைகளைப் பார்க்க வந்திருந்த பென்ஷன்காரர்கள் நாலைந்து பேர் காப்பிக் கோப்பையுடன் கூடுவது வழக்கம். அன்று சபை களை கட்டியது. மதுரைப் பக்கத்து நண்பர் ஒருவர், "என்ன சார் அநியாயம்! பெருக்குகிற வேலைக்கு இவ்வளவு கொடுப்பதே அதிகம். சட்டம் போட்டால் அடங்க வேண்டாமா?" என்றார்.

அவர் உத்தியோகத்தில் இருந்த காலத்தில் எத்தனை சம்பளக் கமிஷன்களுக்காகக் கொடி பிடித்தார் என்பது நமக்குத் தெரியும். அதை ஞாபகப்படுத்தினோம். "அது வேறு, சார்" என்றார். எப்படி வேறு என்று கேட்டதற்குக் காப்பி ஆறிப்போவதாகச் சொன்னார்.

பக்கத்து வீட்டு அம்மாள் குளிரில் சட்டசபைக் கட்டிடத்தின் முன் நின்றுவிட்டு இரவு திரும்பினாள். அபராதம் போட்டால் என்ன செய்வாய் என்று கேட்டோம்.

"வீட்டைத்தான் விக்கவேணும். அதுவும் வாடகை வீடு!" என்று சிரித்தாள். பிறகு, "நாங்கள் பிச்சை கேக்கேல்லை, ஐயா. எங்களோடை இருந்து கதையுங்கோ எண்டுதான் கேக்கிறம்" என்றாள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் தொழில் தகராறு மன்றத்தில் வாதம் நடந்தது. அதற்குள் வெளியே காற்று மாறிவிட்டது. மற்றத் துறைச் சங்கங்கள், அதே வருஷம் ஜூன் மாதத் தேர்தலில் மாகாணப் பிரதமர் டக் ஃபோர்டை ஆதரித்திருந்த கட்டிடத் தொழிலாளர் சங்கங்கள் சில உட்பட, சர்க்காரைக் கண்டித்தன. இன்று சிப்பந்திகளின் பேரத்தைச் சட்டத்தால் அடித்தால் நாளை நம்முடையதும் போகும் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். மாகாணம் முழுவதும் பொது வேலைநிறுத்தம் வரும் என்ற பேச்சு எழுந்தது. நவம்பர் 7, திங்கட்கிழமை காலையில், சிப்பந்திகள் வேலைக்குத் திரும்பினால் சட்டத்தை வாபஸ் வாங்குவதாகப் பிரதமர் அறிவித்தார். செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடங்கள் திறந்தன. 14-ஆம் தேதி சட்டசபை அந்தச் சட்டத்தை ரத்துச் செய்தது. ரத்து மட்டுமல்ல, அப்படி ஒரு சட்டம் எக்காலத்திலும் அமுலில் இருந்ததில்லை என்று கருதவேண்டுமென்றும் எழுதியது! பதினொரு நாள் வாழ்ந்த சட்டத்துக்கு ஜாதகமே இல்லாமல் செய்துவிட்டார்கள்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த நமக்கு 2003-ஆம் வருஷத்து ஜூலை மாதம் ஞாபகம் வந்ததில் வியப்பில்லை. பென்ஷன் முதலிய சலுகைகளைக் குறைத்ததை எதிர்த்துத் தமிழ்நாட்டு அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். சுமார் 1,70,000 பேர் ஒரே வீச்சில் வேலை நீக்கம் செய்யப்பட்டார்கள். ஆகஸ்டு 6-ஆம் தேதி நமது சுப்ரீம் கோர்ட்டு, அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மிக உரிமையும் இல்லை என்று தீர்ப்பளித்தது. பெரும்பாலோர் மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்துத் திரும்பினார்கள். இந்தியாவிலேயே ஆதியில் தோன்றிய தொழிற்சங்கங்களில் ஒன்று 1918-இல் சென்னையில் பிறந்தது, திரு.வி.க.வும் வாடியாவும் அதற்கு உழைத்தார்கள். அதன் தலைவர்கள்மீது மில் கம்பெனி தொடுத்த வழக்குத்தான் 1926-ஆம் வருஷத்துத் தொழிற்சங்கச் சட்டத்துக்கு ஒரு காரணமாயிற்று. அப்படிப்பட்ட ஊரில், 'தார்மிக உரிமையும் இல்லை' என்ற வாசகம் நமக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை.

நம் பள்ளிக்கூடங்களிலும் சிப்பந்திகள் இல்லையா? 1982 ஜூலை முதல் தேதி விரிவாக ஆரம்பமான சத்துணவுத் திட்டத்தில் அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று எத்தனை பெண்கள்! மற்ற அரசு ஊழியரைப்போல் காலமுறை ஊதியம் வேண்டுமென்று அவர்கள் வருஷக்கணக்காகக் கேட்டு வந்திருக்கிறார்கள். மறியல் செய்து, கைதாகி, கல்யாண மண்டபத்தில் அடைபட்டு, சாயங்காலம் விடுதலையாகி வீட்டுக்குப் போய் உலை வைத்திருக்கிறார்கள். மறியலினால் பஸ் தாமதம் என்று நாம் முணுமுணுத்திருக்கிறோம். உட்கார்ந்து பேசுவதற்குச் சட்டம் ஒரு மேஜையைப் போட்டுக் கொடுத்திருந்தால் அவர்கள் ஏன் நடுரோட்டில் உட்காரப் போகிறார்கள்?

ஒண்டாரியோவில் மேஜை திரும்பி வந்ததும் எல்லாம் சுபமாக முடிந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. பேச்சு மறுபடி முறிந்தது; இரண்டாவது நோட்டீஸ் போயிற்று; கடைசியில் நவம்பர் 20-ஆம் தேதி உடன்பாடு ஏற்பட்டது. நான்கு வருஷம், வருஷந்தோறும் மணிக்கு ஒரு டாலர் உயர்வு, சராசரி 3.59 சதவிகிதம். எல்லாருக்கும் ஒரே டாலர் என்பதால் குறைந்த சம்பளக்காரருக்குச் சதவிகிதம் கூடுதல். ஆட்களைக் கூட்டும் கோரிக்கை மட்டும் கிடைக்கவில்லை. சங்கத் தலைவி லாரா வால்டன், தாமும் ஒரு கல்வி உதவியாளராக இருந்தவர், தமக்குத் திருப்தி இல்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிட்டு, முடிவை அங்கத்தினர்களின் வோட்டுக்கு விட்டார். டிசம்பர் 5-ஆம் தேதி முடிவு வெளியாயிற்று: வோட்டளித்தவர்களில் 73 சதவிகிதம் பேர் சம்மதம்.

பக்கத்து வீட்டு அம்மாள் பாக்கி 27 சதவிகிதத்தைச் சேர்ந்தவள். "டாலர் தந்திச்சினம், சரி. பக்கத்திலை நிக்க ஆள் தரேல்லையே" என்றாள். ஒப்பந்தத்தின் ஆயுள் 2026 ஆகஸ்டு 31 வரையில் என்று எழுதியிருந்தது. அடுத்த பேரத்தில் அந்த ஆளைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்று சங்கக் கூட்டத்தில் எழுந்து சொல்லப் போவதாகவும், இங்கிலீஷில் பேசச் சிறிது கூச்சமாக இருப்பதாகவும் சொன்னாள். சொல்ல வேண்டியதை ஒரு காகிதத்தில் எழுதித் தரும்படி மகளைக் கேட்டிருந்தாள்; அன்றிரவு சாப்பாடு ஆனதும் இருவரும் உட்கார்ந்து எழுதினார்கள்.