சிங்கப்பூருக்குச் செல்லும் குடும்பங்களுக்கு

‘அக்கரைச் சீமை’ என்றாலே கண்ணீர் என்று பொருள்பட்ட காலம் ஒன்று இருந்தது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ‘ரஜுலா’ கப்பலில் ஏறியவர்கள் பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் சேர ஒரு வாரத்திற்கு மேல் ஆயிற்று. திரும்புவார்களா என்ற ஐயத்தோடுதான் உற்றார் அவர்களை வழியனுப்பினர். 1926-இல் கட்டப்பெற்ற அக்கப்பல் 1973-ஆம் ஆண்டுவரை ஓடியது. அதன்பின் வந்த ‘சிதம்பரம்’ கப்பலும் 1985-இல் தீ விபத்திற்கு உள்ளாகி ஓய்ந்தது. இன்றோ சேவுகம்பட்டியில் விடியற்காலையில் புறப்பட்டு, செம்பட்டி, திண்டுக்கல் வழியாகத் திருச்சி விமான நிலையத்தை அடைந்தால், அங்கிருந்து ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் சிங்கப்பூரில் இறங்கிவிடலாம்.

ஆகவே, பட்டிவீரன்பட்டி, அய்யம்பாளையம், சேவுகம்பட்டிப் பகுதிகளில் கோடை விடுமுறைக்குச் சிங்கப்பூர் செல்ல எண்ணும் குடும்பங்கள் பெருகிவருவதில் வியப்பில்லை. அவ்வாறு எண்ணுவோர் நம்மிடம் கேட்கும் வினாக்களுக்கு ஒருசேர விடையளிக்கவே இக்கட்டுரையை வரைகிறோம். எதைப் பார்ப்பது என்பதை எவரும் கூறிவிடுவர். எதற்காகப் பார்ப்பது என்பதையும் சேர்த்துச் சிந்திப்பது நலம்.

புறப்படுமுன்

முதலாவது, பணம். “பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள் சாமி, நகையை அடகு வைத்தாவது போய்வந்துவிடலாமா?” என்று ஒரு குடும்பத்தலைவர் நம்மைக் கேட்டார். வேண்டாம் என்றே கூறினோம். ஐந்து நாள் இன்பத்திற்காக ஐந்து ஆண்டு வட்டி கட்டுவது அறிவுடைமையன்று. ஓராண்டு சிறுகச் சிறுகச் சேர்த்துவைத்துச் சென்றால், அந்தச் சேமிப்பே பிள்ளைகளுக்கு ஒரு பாடமாகும்.

இரண்டாவது, விசா. இந்தியர்க்கு அது கட்டாயம். அங்கீகாரம் பெற்ற முகவர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். இதனையன்றி, சென்று இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் வருகை அட்டை ஒன்றை இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் ஏதுமில்லை. கட்டணம் கேட்கும் தளம் போலியானது என்று அறிக. சுற்றுலா விசாவில் சென்று வேலை பார்ப்பது அங்கே குற்றம். “முதலில் சுற்றுலாவாகப் போகட்டும், பிறகு வேலை வாங்கித் தருகிறேன்” என்று எவரேனும் உங்கள் பிள்ளையை அழைத்தால், அவரை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுங்கள்.

மூன்றாவது, பெட்டியில் வைக்கும் பொருட்கள். நம் தாய்மார்கள் குருமாவுக்கென்று அன்போடு கட்டிக்கொடுக்கும் கசகசா அந்நாட்டில் தடைசெய்யப்பட்ட பொருள். வீட்டில் அரைத்த மசாலாப் பொடியில் அது கலந்திருப்பினும் தொல்லையே. மெல்லும் புகையிலை, மின்சிகரெட்டு, சூயிங்கம் ஆகியவற்றையும் கொண்டுசெல்லலாகாது. மருந்து உட்கொள்வோர் மருத்துவரின் சீட்டையும் உடன் வைத்திருக்க வேண்டும். தூக்கமாத்திரையும் சில இருமல் மருந்துகளும் முன் அனுமதி பெற்ற பின்னரே அங்கே கொண்டுசெல்லத் தக்கவை. பிறர் கொடுக்கும் பொட்டலத்தை, கொடுப்பவர் உறவினரேயாயினும், பிரித்துப் பாராமல் எடுத்துச் செல்லாதீர்கள். போதைப்பொருள் கடத்தலுக்கு அங்கே மரணதண்டனை உண்டு.

தட்பவெப்பம் பற்றி அதிகம் கூற வேண்டியதில்லை. நிலநடுக்கோட்டிற்கு ஒரு பாகை வடக்கே அமைந்த நகரம் அது. கோடை, குளிர் என்ற வேறுபாடின்றி ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரமும் நிலவும். நவம்பர் முதல் ஜனவரி வரை மழை மிகுதி. ஏனைய மாதங்களிலும் பிற்பகலில் திடீரென இடிமழை பெய்யும். குடையும் பருத்தி ஆடையும் போதும். நம் கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னே திருப்பி வைத்துக்கொள்ள வேண்டும்.

எல்லாரும் பார்ப்பவை

வாயிலிருந்து நீர் உமிழும் சிங்கமீன் சிலை, மூன்று கோபுரங்களின் உச்சியில் கப்பலைப்போல் நீண்டிருக்கும் மரினா பே மாளிகை, அதனருகே 2012-இல் திறக்கப்பெற்ற பெரும் பூங்கா, 1859-இல் தொடங்கப்பெற்று 2015-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட தாவரவியல் பூங்கா ஆகியவற்றைப் பிள்ளைகளுக்குக் காட்டத்தான் வேண்டும். இவற்றுக்கு இரண்டு நாட்கள் போதும். பூங்காக்களில் பெரும்பகுதியைக் கட்டணமின்றியே காணலாம். நகருக்குள் செல்ல ரயிலும் பேருந்தும் மலிவானவை, தூய்மையானவை. உணவுக்கு, உணவங்காடி நிலையங்களை நாடுங்கள். மலாய்க்காரர், சீனர், தமிழர் ஆகிய மூவரின் அடுப்பும் ஒரே கூரையின்கீழ் எரியும் இடம் அது. உண்டபின் தட்டை எடுத்து உரிய இடத்தில் வைப்பது அங்கே சட்டம். நம் பிள்ளைகள் கற்றுவர வேண்டிய நல்ல பழக்கங்களுள் இதுவும் ஒன்று.

தமிழருக்கு அங்கே தனியொரு மகிழ்ச்சி காத்திருக்கிறது. மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கும் அந்நாட்டின் ஆட்சிமொழிகள். குடிமக்களிலும் நிரந்தரவாசிகளிலும் இந்திய வம்சாவளியினர் நூற்றுக்கு ஒன்பது பேரே. ஆயினும், அந்நாட்டின் பணத்தாளில் நம் எழுத்து இருக்கிறது. 1935-இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய ‘தமிழ் முரசு’ நாளிதழ் இன்றும் வெளிவருகிறது.

ஒரே தெருவில்

மூன்றாம் நாளை நடப்பதற்கென்று ஒதுக்குங்கள். தெலுக் ஆயர் தெருவிலிருந்து தொடங்குங்கள். இன்று உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே இருக்கும் இத்தெரு, கடல் தூர்க்கப்படுவதற்கு முன் கரையோரமாக இருந்தது. கடல் கடந்து உயிருடன் வந்து சேர்ந்தவர்கள் இறங்கியவுடன் நன்றி செலுத்த விரும்பினர். சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம்கள் 1828-க்கும் 1830-க்கும் இடையே நாகூர் தர்காவை இங்கே எழுப்பினர். சிறிது தொலைவில் சீனர்கள் கடலன்னைக்கு ‘தியான் ஹொக் கெங்’ ஆலயத்தை 1842-இல் கட்டிமுடித்தனர். அதே தெருவில் சீன மெதடிஸ்டு சபையினரின் ஆலயமும் இருக்கிறது. அங்கிருந்து நடந்தே செல்லும் தொலைவில், சீனர் பேட்டையின் நடுவே, 1827-இல் தோன்றிய மாரியம்மன் கோவிலும், அதே சாலையில் தமிழ் முஸ்லிம்கள் கட்டிய ஜாமியா பள்ளிவாசலும் உள்ளன.

பிற்பகலில் குயின் தெருவுக்குச் செல்லுங்கள். 1847-இல் திறக்கப்பெற்ற நல்ல ஆயன் பேராலயம் அங்கே இருக்கிறது. சிங்கப்பூரின் மிகப் பழமையான கத்தோலிக்க ஆலயம் அது. 1839-இல் கொரியாவில் தம் மந்தைக்காக உயிரீந்த புனித லோரான் இம்பேர் ஆயரின் நினைவை அப்பெயர் தாங்கி நிற்கிறது. அதே தெருவில் 1870-இல் கட்டப்பெற்ற புனித பேதுரு பவுல் ஆலயத்தில் சீனரும் தமிழரும் ஒரே கூரையின்கீழ்த் திருப்பலி கண்டனர். பின்னர்த் தமிழருக்கென ஓபிர் சாலையில் லூர்து அன்னை ஆலயம் எழுந்தது. 1888-இல் நிறைவெய்திய அவ்வாலயம் பிரான்சு நாட்டு லூர்து ஆலயத்தின் சாயலில் அமைந்தது. இன்றும் அங்கே தமிழில் திருப்பலி நடைபெறுகிறது.

குயின் தெருவுக்கு அடுத்த வாட்டர்லூ தெருவில் ஒரு காட்சியைக் காணலாம். சீனரின் குவான் இம் கோவிலும் தமிழரின் கிருஷ்ணன் கோவிலும் அருகருகே உள்ளன. அங்கே வழிபட்டு வரும் சீனர் பலர் இங்கும் நின்று ஊதுவத்தி ஏற்றிச் செல்கின்றனர். யூதரின் தொழுகைக்கூடமும் அத்தெருவிலேயே இருக்கிறது. சேவுகம்பட்டிப் பெருமாள் கோவிலில் தை மாதத்தில் வாழைப்பழம் சூறைவிடும் விழாவை வேற்றுச் சமயத்தினராயினும் மகிழ்வோடு பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இக்காட்சி அந்நியமாகத் தோன்றாது.

சனிக்கிழமை அங்கே இருப்பீர்களாயின், தாம்சன் சாலையிலுள்ள புனித அல்போன்சு ஆலயத்தில் இடைவிடா சகாய அன்னையின் நவநாளில் கலந்துகொள்ளுங்கள். மக்கள் அவ்வாலயத்தை ‘நொவீனா’ என்றே அழைத்ததனால், அருகிலுள்ள ரயில் நிலையத்திற்கும் அப்பெயரே நிலைத்துவிட்டது. 2024 செப்டம்பரில் திருத்தந்தை பிரான்சிசு அந்நகருக்கு வருகை தந்தபோது, பல சமயத்து இளைஞரோடு அமர்ந்து உரையாடினார் என்பதையும் ஈண்டு நினைவுகூரலாம்.

அடுக்குமாடிகள் சொல்லும் பாடம்

இந்நல்லிணக்கம் தானாக முளைத்ததன்று. 1964 ஜூலையிலும் செப்டம்பரிலும் இதே நகரத்தில் மலாய்க்காரரும் சீனரும் மோதிக்கொண்டனர். உயிர்கள் பலியாயின. 1965 ஆகஸ்டு 9-ஆம் நாள் தனி நாடான பின்னர், அதன் தலைவர்கள் அந்தக் காயத்தை மறக்கவில்லை. இன்று அந்நாட்டவருள் பத்தில் எட்டுப் பேர் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடிகளில் வாழ்கின்றனர். 1989-இல் அவற்றுக்கு ஒரு விதி வகுக்கப்பட்டது. எந்த ஒரு கட்டடத்திலும் எந்த ஓர் இனமும் குறித்த அளவுக்கு மேல் குடியிருத்தல் கூடாது. இந்தியரும் பிற சிறுபான்மையினரும் சேர்ந்து ஒரு கட்டடத்தில் நூற்றுக்குப் பதினைந்து வீடுகள் வரை வாங்கலாம். மலாய்க்காரர்க்கும் சீனர்க்கும் இத்தகைய வரம்பு உண்டு. இதனால் தம் வீட்டை விற்க முனையும் சிறுபான்மையினர்க்கு வாங்குவோர் குறைவது உண்டு என்ற குறை இருப்பினும், தனியொரு இனத்தின் சேரி என்று அங்கே எதுவும் உருவாகவில்லை.

இவ்வடுக்குமாடிகளின் கீழ்த்தளம் பெரும்பாலும் திறந்த கூடமாக விடப்பட்டிருக்கும். இந்த வாரம் அங்கே மலாய்க்காரர் வீட்டுத் திருமணம் நிகழும். அடுத்த வாரம் அதே இடத்தில் சீனர் வீட்டு இறந்தோரின் உடல் வைக்கப்பட்டிருக்கும். உங்கள் பிள்ளைகளை அங்கே சிறிது நேரம் அமரச் செய்யுங்கள். அதன்பின் ஒரு வினாவை அவர்களிடம் கேளுங்கள். நம் ஊரில் தெருவின் பெயரைச் சொன்னவுடனே குடியிருப்போரின் சாதி தெரிந்துவிடுகிறதே, ஏன்? தமிழகத்தில் சில இடங்களில் கல்லறைத் தோட்டத்தினுள்ளும் சுவர் நிற்கிறதே, ஏன்? மொழியும் சமயமும் உணவும் வேறான மக்கள் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கும்போது, ஒரே மொழி பேசி, ஒரே அப்பத்தைப் பகிரும் நம்மால் ஏன் இயலவில்லை? வேற்று நாட்டின் விதியை நாம் அப்படியே கொணர வேண்டுமென்பதன்று நம் கருத்து. இவ்வினா உங்களோடு விமானத்தில் ஏறித் திரும்பி வரட்டும்.

ஞாயிற்றுக்கிழமை

இறுதி நாளாக ஞாயிறு அமையுமாறு திட்டமிடுங்கள். அந்நகரத்தை எழுப்பியதில் நம்மவர் வியர்வை எவ்வளவு என்பதை அன்று உணரலாம். 1825 முதல் இந்தியக் கைதிகள் அங்கே கொண்டுசெல்லப்பட்டனர். ஆங்கிலிக்கரின் புனித அந்திரேயா பேராலயத்தை அவர்களே கட்டினர். அதன் உட்சுவரை மெருகேற்றியது சென்னைச் சுண்ணாம்பு. கிளிஞ்சல் சுண்ணாம்பும், முட்டையின் வெண்கருவும், சர்க்கரையும் சேர்த்து அரைத்த நம் ஊர்க் கலவை அது.

இன்று கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைப்போருள் தமிழக இளைஞர் ஏராளம். அடுக்குமாடி விதி இவர்களைச் சேர்க்கவில்லை. நகரின் ஓரங்களில் தனி விடுதிகளில் தங்குகின்றனர். 2013 டிசம்பர் 8-ஆம் நாள் லிட்டில் இந்தியாவில் தமிழகத் தொழிலாளர் ஒருவர் பேருந்தில் சிக்கி இறந்தபோது கலவரம் மூண்டது. 2020-இல் கொரோனா பரவியபோது, ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் அவ்விடுதிகளில் நெருக்கமாக வாழ்ந்த உண்மை உலகுக்குத் தெரியவந்தது. ஓரறையில் பன்னிரண்டு பேருக்கும் மேற்பட்டோர் இருந்த விடுதிகள் பல. நோயுற்றோரில் மிகப் பெரும்பாலார் அவர்களே. அதன்பின் விடுதிகளுக்கான விதிகள் திருத்தப்பட்டன.

நம் பகுதித் தாய் ஒருவர் கூறியது நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. “அவன் அனுப்பின பணத்துலதான் சாமி இந்த வீட்டைக் கட்டினோம். அவன் இருக்கிற வீட்டை நாங்க இன்னும் பார்க்கல.” அத்தகைய மகனோ தம்பியோ அக்கம்பக்கத்துப் பிள்ளையோ அங்கே இருந்தால், உங்கள் திட்டத்தில் அவருக்கு முதலிடம் கொடுங்கள். விடுதிக்குள் வெளியார் செல்வது எளிதன்று. ஆகவே முன்கூட்டியே தொடர்புகொண்டு, லூர்து அன்னை ஆலயத்தில் தமிழ்த் திருப்பலிக்குப் பின்னரோ, தேக்கா சந்தையருகிலோ சந்தியுங்கள். அவருக்கு வார ஓய்வு என்று கிடைக்கிறதோ, அதற்கேற்ப உங்கள் நாளை மாற்றிக்கொள்ளுங்கள். அவரோடு அமர்ந்து ஒருவேளை உணவு உண்ணுங்கள். ஊர்ச் செய்தி கூறுங்கள். அவர் கூறுவதையும் பொறுமையாகக் கேளுங்கள். ‘எல்லாம் நல்லாத்தான் இருக்கு’ என்று தொலைபேசியில் கூறுபவர், நேரில் வேறு சிலவும் கூறக்கூடும். நம் வீட்டுச் செலவுக்கு அவர் தரும் விலையை அன்றேனும் நாம் அறிந்துகொள்வோம்.

திரும்பும்போது கோடாலித் தைலமும் சாக்லேட்டும் வாங்காமலிருக்கப் போவதில்லை. வாங்குங்கள், சுற்றத்தார்க்குக் கொடுங்கள். ஆயினும் பயணத்தின் பலன் பெட்டியின் எடையில் இல்லை. அடுத்த தெருவுக்காரரை நோக்கும் நம் பார்வையில் சிறிதேனும் மாற்றம் நிகழ்ந்ததா, தொலைவில் உழைக்கும் பிள்ளையின் களைப்பு நமக்குப் புரிந்ததா என்பவையே அளவுகோல். இவ்விரண்டையும் ஈட்டி வருவீர்களாயின், ஓராண்டு சேர்த்துவைத்த பணம் வீண்போகவில்லை என்று துணிந்து கூறுவோம். உங்கள் பயணம் இனிதாகுக!