'பாகவதர் பாட்டு' எழுதியவருக்கு

மதிப்பிற்குரிய பாபநாசம் சிவன் ஐயா அவர்களுக்கு,

உங்களைத் 'தமிழ்த் தியாகய்யர்' என்று மேடைதோறும் சொல்கிறார்கள். அந்தப் பட்டம் எனக்கு அரைகுறையாகவே படுகிறது. இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம்தான், அதற்குள் பல்லவி, சரணம் எல்லாம் அடங்க வேண்டும் என்று திருவையாற்று மகானை யாரும் நெருக்கவில்லையே! சினிமாவுக்கு எழுதிய உங்களுக்கு அந்தக் கெடுபிடி இருந்தது. அப்படியும் ராகம் சிதையவில்லை, தமிழும் இடறவில்லை.

போலகத்தில் பிறந்து, திருவனந்தபுரத்தில் சமஸ்கிருதம் படித்து, நீலகண்ட சிவனின் பஜனையில் தோய்ந்தவர் நீங்கள். மார்கழி விடியலில் மயிலாப்பூர் மாட வீதிகளில் பாடிப் போனவரை 1934-ல் 'சீதா கல்யாணம்' சினிமாவுக்குள் இழுத்துக்கொண்டது. (அதில் எஸ். ராஜம் ராமன், அவருடன் பிறந்த ஜெயலட்சுமி சீதை. இன்று நினைத்தாலும் வேடிக்கைதான்.) பிறகு அம்பிகாபதி, அசோக்குமார், சிவகவி என்று வரிசையாக வந்தன.

எங்கள் மதுரைக்காரர்கள் 'சிந்தாமணி'யை மறக்க மாட்டார்கள். 1937-ல் வெளியான அந்தப் படத்தின் லாபத்தில் இங்கே அதே பெயரில் ஒரு கொட்டகையே எழும்பியது. அதில் ராதையின் கோபத்தைத் தணிக்க நீங்கள் எழுதிய பாட்டை என் பாட்டி அரிசி களைந்துகொண்டே முணுமுணுப்பாள். செஞ்சுருட்டி என்ற பெயரை அவள் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் அந்த ராகத்தின் குழைவு ஓரிடத்திலும் தப்பாது. சபா வாசலை மிதிக்காதவளுக்கு அதைப் பழக்கியது டிக்கெட் வாங்கிப் பார்த்த சினிமா.

'ஹரிதாஸ்' மூன்று தீபாவளி கண்ட படம். 1944-ல் சென்னை பிராட்வேயில் திரையிட்டது 1946 வரை ஓடியது. அதில் வரும் 'மன்மத லீலை' பாட்டு சாருகேசி ராகம், உங்கள் சொல். கச்சேரிகளில் அபூர்வமாகவே கேட்ட அந்த ராகம், அதற்குப் பிறகு வண்டிக்காரர் வாயிலும் புகுந்துவிட்டது. கீர்த்தனைக்கு ஒரு கை, சினிமாவுக்கு இன்னொரு கை என்று நீங்கள் வைத்துக்கொள்ளவில்லை. நான் நன்றி சொல்வது முக்கியமாக இதற்காகத்தான். கல்கியின் 'தியாகபூமி'யில் சம்பு சாஸ்திரியாக நடித்தீர்கள். வெள்ளைக்கார சர்க்கார் தடை போட்ட படம் அது. அதற்கும் ஒரு கும்பிடு.

ஒரு மனக்குறை உண்டு. இன்றும் அந்தப் பாட்டுகளைப் 'பாகவதர் பாட்டு' என்றே சொல்கிறோம். அவற்றைத் திரையில் பாடி நடித்த தியாகராஜ பாகவதரின் குரல் அப்படி, அவரைக் குறை சொல்ல மாட்டேன். எழுதியவர் யார் என்று கேட்டால்தான் பத்தில் எட்டுப் பேர் விழிக்கிறார்கள். 1971-ல் சங்கீத கலாநிதி, 1972-ல் பத்மபூஷண் என்று எண்பது தாண்டிய பிறகு விருதுகள் வந்தன. மறு வருஷம் நீங்கள் இல்லை. அந்த மாலைகளெல்லாம் கீர்த்தனை எழுதிய சிவனுக்கு விழுந்தவை என்றே எனக்குத் தோன்றுகிறது. இந்த மடல் சினிமாவுக்கு எழுதிய சிவனுக்கு.


மதுரையிலிருந்து ஒரு ரசிகன்