வண்டியோடு வந்த டயர்

மோட்டார் வண்டி வாங்கச் செல்வோர் அதன் நிறத்தைப் பார்ப்பர். இருக்கையின் மென்மையைப் பார்ப்பர். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுமென்று பன்முறை வினவுவர். நிலத்தைத் தொட்டு நிற்கும் உறுப்பு டயர் ஒன்றேயாயினும் அதனைக் குனிந்து பார்ப்போர் மிகச் சிலர். வாங்கிய பின்னரோ அதனைப் பற்றிப் பேசாதார் இல்லை. “கம்பெனி டயருக்கு நிகரில்லை” என்பார் ஒருவர். “வாங்கிய மாதமே கழற்றி எறிய வேண்டும்” என்பார் மற்றொருவர். இருவரும் தாம் கண்டதையே கூறுகின்றனர். யானும் ஒரு காலத்தில் முதற்கூறிய கூட்டத்தைச் சேர்ந்து, அதன் புகழை உரக்கப் பாடிக்கொண்டிருந்தவன். அப்புகழுரையினால் விளைந்த ஒரு தீங்கையும், அதன்பின் யான் கேட்டும் கண்டும் அறிந்தவற்றையும் நம் கல்லூரி மலர் வாயிலாக மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் பழைய மாணவராகிய நண்பர்க்கும் எடுத்துரைக்க விழைகின்றேன்.

எங்கள் இல்லம் புழலில், ஏரிக்கரைக்கு அண்மையில் உள்ளது. 2017ஆம் ஆண்டு தை மாதத்தில் யானும் என் மனைவியின் தம்பியும் ஒரே வகை வண்டிகள் இரண்டினை ஒரே நாளில் வாங்கினோம். இரண்டிலும் பூட்டப்பட்டிருந்த டயர்களும் ஒரே வகையின. “இவை எல்லாப் பருவத்துக்கும் ஏற்றவை, ஐயா, நீங்கள் கவலைப்பட வேண்டியதே இல்லை” என்று விற்பனை செய்த இளைஞர் கூறியதை நாங்கள் ஐயமின்றி ஏற்றுக்கொண்டோம். அன்று முதல் என் வண்டி புழலிலிருந்து பெருங்களத்தூர் நோக்கிப் புறவழிச்சாலையில் நாள்தோறும் சென்று வந்தது. அகன்ற சாலை, சீரான ஓட்டம். மைத்துனர் வண்டியோ மாதவரம் ரவுண்டானாவைக் கடந்து, மணலி வழியாக எண்ணூர் சென்று வந்தது. அவ்வழியில் துறைமுகத்துக்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகள் இரவும் பகலும் ஓடிச் சாலையைக் குழியாக்குவதும், நின்ற இடத்தில் எண்ணெய் சிந்துவதும், மழை பெய்தால் குழியும் சாலையும் வேறுபாடின்றித் தோன்றுவதும் வடசென்னையார் அனைவரும் அறிந்தனவே.

எனக்குக் கணக்கெழுதும் பழக்கம் உண்டு. பெட்ரோல் நிரப்புந்தோறும் ஓடிய தூரத்தையும் ஊற்றிய அளவையும் ஒரு சிறு புத்தகத்திற் குறித்து வருவேன். முதலாண்டில் லிட்டருக்கு 17 கிலோமீட்டர் ஓடிய வண்டி, நான்காம் ஆண்டில் 18 கிலோமீட்டரை எட்டிற்று. “நாள் செல்லச் செல்ல நயமாகின்ற பொருள் இவ்வுலகில் உண்டென்றால் அது கம்பெனி டயர்தான்” என்று யான் உறவினரிடமும் அண்டை வீட்டாரிடமும் பெருமை பேசுவேன்.

2021ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் மைத்துனர் என்னிடம் வந்து, “அத்தான், டயரில் பட்டன் தேய்ந்துவிட்டது, நான்கையும் மாற்றிவிடுங்கள் என்று பஞ்சர் கடைக்காரர் சொல்லுகிறார். தாங்கள் என்ன நினைக்கிறீர்கள்?” என்று கேட்டார். யான் என் கணக்குப் புத்தகத்தை விரித்துக் காட்டினேன். “தம்பி, கடைக்காரர் விற்பதற்காகச் சொல்லுகிறார். இன்னும் பதினையாயிரம் கிலோமீட்டர் தாராளமாக ஓடும். தீபாவளிச் செலவு முன்னே நிற்கிறது, தை பிறந்த பின் பார்த்துக் கொள்ளலாம்” என்றேன். மூத்தவன் சொல்லுக்கு மறுசொல் கூறும் வழக்கம் அவரிடம் இல்லை. அவ்வாறே விட்டுவிட்டார்.

அவ்வாண்டு நவம்பர் மாதம் பெய்த பெருமழையைச் சென்னையார் எளிதில் மறவார். புழல் ஏரி நிரம்பி 7ஆந் தேதி உபரி நீர் திறந்துவிடப்பட்டது. அதனை அடுத்த வாரத்தில் ஒரு மாலை, மைத்துனர் தம் எட்டு வயதுச் சிறுமியைப் பின்னிருக்கையில் அமர்த்திக்கொண்டு மணலிப் பக்கமாக வந்திருக்கின்றார். சாலையின்மீது நீர் மெல்லிய படலமாகப் பரவியிருந்தது. முன்சென்ற லாரி சட்டென நின்றது. இவரும் பிரேக்கை மிதித்தார். சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை. வழுக்கிச் சென்று நடுத்திட்டில் மோதிற்று. மைத்துனருக்குக் காறையெலும்பு முறிந்தது. குழந்தைக்கு நெற்றி பிளந்து நான்கு தையல் இடவேண்டியதாயிற்று. மருத்துவமனையில் யான் அவள் கட்டிலருகே சென்று நின்றபோது, “மாமா, நம் வண்டி படகு மாதிரிப் போயிற்று” என்றாள். அச்சொல் இன்றும் என் செவியில் உள்ளது. மைத்துனர் என்னை ஒரு சொல்லாலும் குறை கூறவில்லை. குறை கூறியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

நிற்க. சில நாள் கழித்து, யான் பொய்யரென்று கருதிய அப்பஞ்சர் கடைக்காரரிடமே சென்றேன். அவர் பகையேதும் காட்டாது, சிறு அளவுகோலொன்றை மைத்துனர் வண்டியின் டயர்ப் பள்ளத்தில் ஊன்றிக் காட்டினார். பள்ளம் 2 மில்லிமீட்டருக்குச் சற்றே மேற்பட்டிருந்தது. சட்டம் வேண்டுவதோ காருக்கு 1.6 மில்லிமீட்டரே, இருசக்கர வண்டிக்கு 0.8 மில்லிமீட்டர். சட்டப்படி அந்த டயரில் குற்றமில்லை. ஆயினும் புதிய கார் டயரில் அப்பள்ளம் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் இருக்கும். “ஐயா, பட்டன் என்பது அழகுக்காகப் போட்ட கோலம் அன்று. தண்ணீர் ஓடுகிற வாய்க்கால் அது. வாய்க்கால் தூர்ந்துபோனால் தண்ணீர் எங்கே போகும்? டயருக்கு அடியிலேயே நிற்கும், வண்டி அதன்மேல் மிதக்கும்” என்றார் அவர். ஏரிக்கரையில் வாழ்கின்ற எனக்கு இவ்வுவமை நன்கு விளங்கிற்று. ஒரு டயர் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கையளவே. வண்டியின் பாரமும், அதனுள் இருப்போர் உயிரும் அவ்வுள்ளங்கை நான்கினையே நம்பியுள்ளன. அவற்றின்கீழ் நீர் புகுந்து தங்கிவிட்டால், பிரேக்கு எத்துணை வலிதாயினும் பயனில்லை.

அப்படியாயின் என் கணக்குப் புத்தகம் பொய்த்ததோ? இல்லை, அது மெய்யே கூறிற்று. யான்தான் பிழைபடப் படித்தேன். டயர் உருளுந்தோறும் அதன் ரப்பர் நெகிழ்ந்து நிமிர்கின்றது. அந்நெகிழ்ச்சியில் எஞ்சினின் ஆற்றலில் ஒரு பங்கு வெப்பமாக வீணாகின்றது. பட்டன் தேயத் தேய நெகிழும் ரப்பர் குறைகின்றது, ஆதலின் டயர் எளிதாக உருள்கின்றது, பெட்ரோலும் மிச்சமாகின்றது. அன்றியும், உலர்ந்த சாலையில் தேய்ந்த டயர் பிடிப்பிற் குறைந்ததாகவும் தோன்றாது. ஆகவே எந்நாளில் யான் அதனை மிகுதியும் புகழ்ந்தேனோ, அந்நாளில்தான் அது மழைக்கு மிகுதியும் உதவாததாய் இருந்தது. லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் கூடியதென்று யான் மகிழ்ந்தபோது, என் சக்கரத்தின் வாய்க்கால் தூர்ந்துகொண்டிருந்தது.

இதனை அறிந்த பின் எனக்கு ஓர் ஆவல் பிறந்தது. பிறர் இந்த டயர்களைப் பற்றி யாது கூறுகின்றனர் என்று கேட்டு அதனையும் கணக்கில் எழுதத் தொடங்கினேன். எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் உளர். அவர் வண்டி ஏழாண்டில் 18,000 கிலோமீட்டரே ஓடியிருந்தது. “பட்டன் புதிது போல் இருக்கிறது பாருங்கள்” என்று மகிழ்ந்து காட்டினார். பட்டன் இருந்தது உண்மையே. ஆயின் வெயிலில் நின்று நின்று டயரின் பக்கச்சுவரில் மயிரிழை போன்ற வெடிப்புகள் ஓடியிருந்தன. ரப்பருக்கு ஓட்டத்தால் வரும் தேய்வு ஒன்று, வயதால் வரும் தளர்வு மற்றொன்று. டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். முதலிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். அதுவே அதன் பிறப்புச் சீட்டு. அவ்வாசிரியர் அதனை அன்றுதான் முதன்முறை படித்தார்.

கும்மிடிப்பூண்டிக்கும் விமான நிலையத்துக்குமாக வாடகை வண்டி ஓட்டும் ஒருவர், வண்டியோடு வந்த டயரிலேயே 60,000 கிலோமீட்டர் ஓட்டியதாகக் கூறினார். வாரந்தோறும் காற்றுப் பார்ப்பதும், 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்டயரைப் பின்னும் பின்டயரை முன்னும் மாற்றுவதும் அவர் வழக்கம். திருவொற்றியூரில் ஓர் இளைஞர், வண்டி வாங்கிய மாதமே டயரைக் கழற்றி அதனினும் அகன்றதொன்றைப் பூட்டிவிட்டார். வளைவில் நல்ல பிடிப்பென்று புகழ்ந்தார். பெட்ரோல் மிகுதியாகச் செலவாவதையும், ஸ்டியரிங் கனத்துவிட்டதையும் சற்றுத் தாழ்ந்த குரலில் ஒப்புக்கொண்டார். எண்ணூரில் டிரெய்லர் ஓட்டும் முதியவர் ஒருவரிடமும் வினவினேன். அவர் தொழிலில் டயரே பெருஞ்செலவு. தேய்ந்த டயருக்குப் புதுப் பட்டன் ஒட்டி ஓட்டுவது அங்கு நாள்தோறும் நடப்பது. அவர் சிரித்து, “கார்க்காரர் எல்லாரும் வெயிலிலே டயரை மெச்சுகிறார்கள் ஐயா. ஐப்பசியிலே கேட்டுப் பாருங்கள்” என்றார்.

அம்முதியவர் கூற்றிலேயே என் ஐயம் தெளிந்தது. ‘எல்லாப் பருவமும்’ என்பது குளிர்நாடுகளிற் பிறந்த சொல். அங்கே வெப்பம் ஏறக்குறைய 7 பாகைக்குக் கீழே இறங்கினால் கோடைக்குரிய ரப்பர் இறுகிப் பிடிப்பை இழக்கின்றது. ஆதலின் பலர் கோடைக்கு ஒரு தொகுதியும் பனிக்காலத்துக்கு ஒரு தொகுதியுமாக இருவகை டயர் வைத்திருப்பர். அவ்விரண்டிற்கும் நடுவே நின்று, ஆண்டு முழுவதும் கழற்றாது ஓட்டுவதற்கென ஏற்பட்டதே இவ்வகை. அமெரிக்க நாட்டில் 1977இல் குட்இயர் கம்பெனி ‘டியம்போ’ என்னும் பெயரால் வெளியிட்ட ரேடியல் டயர் இவ்வகைக்கு முன்னோடி. கோடையின் கூர்மையிற் சிறிதும், பனிக்காலப் பிடிப்பிற் சிறிதும் விட்டுக்கொடுத்துச் செய்துகொண்ட சமரசம் அது. நம் புழலில் பனி ஏது? நமக்குள்ள பருவங்கள் இரண்டு: நீண்ட வெயில் ஒன்று, ஐப்பசி கார்த்திகை மழை ஒன்று. ஆண்டின் பெரும்பகுதி உலர்ந்த சாலையிலே டயரைத் தேய்த்துவிட்டு, தேய்ந்து முடிந்த நிலையில் அதனை வடகிழக்குப் பருவமழையில் இறக்கிவிடுகின்றோம். நாம் கூறும் புகழுரையெல்லாம் வெயிற்காலப் புகழுரை. தேர்வு நடப்பதோ மழையில்.

இனி, வண்டி செய்வோர் டயரை எவ்வாறு தெரிந்தெடுக்கின்றனர் என்பதையும் எண்ணுதல் வேண்டும். விலை குறைய வேண்டும், ஓசை எழலாகாது, குலுக்கல் கூடாது, பெட்ரோல் சிக்கனம் வேண்டும், பிடிப்பும் வேண்டும். இவையனைத்தையும் ஒரு தட்டிலிட்டு நிறுத்து, நடுநிலையான ஒன்றைப் பூட்டுகின்றனர். ஈரச்சாலைப் பிடிப்பு, உருளும் தடை, ஓசை ஆகிய மூன்றிற்கும் அளவு வகுத்து மைய அரசு 2022இல் விதி வெளியிட்டது. எங்கள் வண்டிகள் அதற்கு முந்தியவை. எவ்விதியாயினும் புதிய டயர் எவ்வாறு இருக்கவேண்டுமென்று கூறலாமேயன்றி, மணலிச் சாலையில் ஐந்தாண்டு தேய்ந்த டயருக்கு உறுதி கூற மாட்டாது. ஆகவே எங்கள் டயர் எந்தக் கம்பெனியது என்று ஈண்டுக் கூறுதல் வேண்டா, குற்றம் அதனுடையதன்று. என் வழியை அளந்து மைத்துனர் வழிக்கு விடை கூறினேனே, குற்றம் அதில் உள்ளது.

இப்பகுதியில் வாழ்வோர்க்கு இதனை அறிந்துகொள்ள நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. தாம்பரத்துச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் பயின்ற கே. எம். மாம்மன் மாப்பிள்ளை 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையிலே குழந்தைகள் ஊதும் பலூன் செய்யத் தொடங்கினார். 1952இல் அவர் மேற்கொண்ட தொழில், தேய்ந்த டயர்க்கு ஒட்டும் பட்டன் ரப்பர் செய்வது. முழு டயர் செய்யும் ஆலை அதன் பின்னரே, 1961இல், அவ்வூரில் தொடங்கிற்று. தேய்ந்ததைத் தேய்ந்ததென்று ஒப்புக்கொண்டு மேலே புதிது ஒட்டும் அத்தொழில் நடந்த ஊருக்கு அருகே வாழ்ந்தும், யான் தேய்ந்ததைச் சிக்கனமென்று பெயரிட்டு அழைத்தேன்.

மைத்துனர் எலும்பு கூடி நலமடைந்தார். அவர் வண்டிக்கு நான்கு டயரும் யான் வாங்கித் தந்தேன். வேண்டாமென்று மறுத்துப் பின் ஏற்றுக்கொண்டார். என் வண்டியிலும் மாற்றினேன். லிட்டருக்கு மீண்டும் 17 கிலோமீட்டரே ஓடுகின்றது. கணக்குப் புத்தகத்தில் இப்பொழுது மற்றொரு பத்தி உண்டு: பட்டனின் ஆழம். ஆண்டுதோறும் ஆவணி மாதத்தில் இருவர் வண்டியையும் அப்பஞ்சர் கடைக்குக் கொண்டு செல்கின்றோம். அளவுகோலைப் பிடிப்பவள் அச்சிறுமியே. டயரின் பள்ளத்தினுள் குறுக்கே சிறு ரப்பர் மேடுகள் உண்டு. பட்டன் தேய்ந்து அம்மேட்டோடு சமமாயிற்றென்றால் சட்டத்தின் எல்லை வந்துவிட்டதென்று பொருள். “அது வரைக்கும் காத்திருக்கக் கூடாது மாமா” என்று அவள் எனக்கே பாடம் சொல்லுகிறாள். 3 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கினால் மாற்றிவிடுவது என்பது எங்கள் குடும்பத்து விதி. குனிந்து படிக்கும்பொழுது அவள் நெற்றியில் அந்தத் தழும்பு தெரிகின்றது.

நண்பர்களே, உங்களிடம் ஒருவர் வந்து, “இது போதுமா?” என்று வினவினால், உங்கள் வண்டி ஓடிய கணக்கைக் கொண்டு விடை கூறாதீர்கள். அவர் செல்லும் வழி யாது, அவர் ஏற்றும் பாரம் யாது, மழைக்கு இன்னும் எத்தனை நாள் உள்ளது என்று முதலிற் கேளுங்கள். கேட்டபின் அவரோடு சென்று, வண்டியருகே ஒருமுறை குனிந்து பாருங்கள்.