சப்பாத்திக்கு மாறினால் போதுமா?

அப்பாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்த மறுநாளே பல வீடுகளில் மட்டன் நின்றுவிடும். எண்ணெய் பாதியாகும். இரவுச் சோறு சப்பாத்தியாகும். ‘இனி பயமில்லை’ என்று அவரும் நாலு சப்பாத்தியோடு உருளைக்கிழங்கு குருமாவை ஒரு பிடி பிடிப்பார். பிள்ளைகளின் தட்டில் மட்டும் எதுவும் மாறாது.

சிக்கலே அங்கேதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவோடு நாடு முழுக்க நடந்த ஆய்வு 2025-ல் வெளியானது. நம் கலோரியில் சுமார் 62 சதவிகிதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது. மொத்த அளவைக் குறைக்காமல் அரிசியிலிருந்து கோதுமைக்கோ சிறுதானியத்துக்கோ மாறினால் மட்டும் சர்க்கரை வரும் ஆபத்து குறைவதில்லை. மாவுச்சத்தைக் கொஞ்சம் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, பயறு, தயிர் வந்தால் குறையலாம் என்கிறது ஆய்வு.

அதற்காக, கறியும் நெய்யும் இஷ்டம்போல சாப்பிடலாம் என்று அர்த்தமில்லை. கெட்ட கொழுப்பும் பல மாநிலங்களில் அளவைத் தாண்டித்தான் இருக்கிறது.

எதை நிறுத்துவது என்று வீட்டில் சண்டை போடுவதற்கு முன், எல்லோருடைய தட்டையும் ஒருமுறை பாருங்கள். நடுவில் சோறு மலைபோல. ஓரத்தில் கூட்டு ஒரே ஒரு கரண்டி. முதலில் அதை மாற்றுங்கள். மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் குறையுங்கள்.