கீறலுக்கும் டெஸ்ட் டோஸ்

ஈக்காட்டுத்தாங்கல்ல ஒரு டீடெய்லிங் கடை. என் கருப்பு கார் முழுக்க சிலந்தி வலை மாதிரி வட்டக் கீறல். "கிளியர் கோட் ரொம்ப ஹார்டு டாக்டர், பெரிய டோஸா போட்டுடலாமா?"ன்னார் தம்பி.

பாலிஷ் கீறலை நிரப்பாது மக்களே. சுத்தியிருக்கிற படலத்தைத் தேய்ச்சு கீறலோட அடிமட்டத்துக்கு இறக்கும். மொத்தக் கனமே சுமார் 40-50 மைக்ரான். ஒரு பேப்பர்ல பாதி. வெயிலைத் தாங்குறதும் அதுதான். நம்ம மேல்தோல் தேய்ஞ்சா வளரும், இது வளராது.

அதனால முதல்ல உள்ளங்கை அளவு இடத்துல மைல்டு பாலிஷ். ஊசிக்கு முன்னாடி டெஸ்ட் டோஸ் மாதிரி. பத்தலைன்னாதான் கட்டிங் காம்பவுண்டு. நகம் தட்டுற ஆழமான கீறலை விட்டுடச் சொன்னேன்.

வராம தடுக்க? தூசி மேல காய்ஞ்ச துணி போடாதீங்க. தண்ணி ஊத்தி மண்ணை இறக்கிட்டுத் துடைங்க.