வெந்நீர் விளாவுதல்

காரைக்குடியில் பழைய வீடொன்றின் பின்கட்டில், விறகடுப்பின்மேல் வெந்நீர் காய்ந்துகொண்டிருந்தது. பிறந்து மூன்று திங்களே ஆன குழந்தையை நீராட்டும் வேளை அது. ஒன்பதாம் வகுப்பில் பயிலும் பேரன் வெப்பமானியோடு வந்து, "அப்பத்தா, இன்று நான் விளாவுகிறேன்" என்றான். வெந்நீரில் தண்ணீர் கலந்து பதமாக்குவதை 'விளாவுதல்' என்னும் ஒரே சொல்லால் குறிக்கின்றது தமிழ்.

அப்பத்தா இசைந்தார். ஆனால், "பச்சைத் தண்ணீரை முதலில் ஊற்று, வெந்நீர் பிறகு" என்றார். எதை முதலில் ஊற்றினாலும் இறுதி வெப்பநிலை மாறாது என்று பேரன் வாதிட்டான். கணக்கின்படி அவன் கூற்றுச் சரியே. எனினும், வெந்நீரை மட்டும் ஊற்றிவைத்த நேரத்தில் வாயிலில் யாரேனும் அழைத்தால், பிள்ளைகள் ஓடியாடும் வீட்டில் என்ன ஆகும்? 60 பாகை நீரே சில நொடிகளில் இளந்தோலை வேகச் செய்துவிடும். அடுப்பில் இருந்ததோ 80 பாகை!

பித்தளை அண்டாவில் 30 பாகையுள்ள கிணற்றுநீர் 4 லிட்டர் ஊற்றினான். வெந்நீர் 1 லிட்டர் சேர்த்தான். வெந்நீர் இழக்கும் வெப்பமும் தண்ணீர் பெறும் வெப்பமும் சமமாதல் வேண்டும். ஒரு பங்கு வெந்நீர் 40 பாகை இறங்கினால், நான்கு பங்கு தண்ணீர் 10 பாகை ஏறும். ஆகவே இரண்டும் 40 பாகையில் ஒன்றுபட வேண்டும். வெப்பமானியோ 39இல் நின்றுவிட்டது.

அவன் அண்டாவை மறந்துவிட்டான். 5 கிலோகிராம் எடையுள்ள அப்பித்தளையும் உடன் சூடேறிற்று; அரை லிட்டருக்குச் சற்றுக் குறைந்த நீர் ஏற்கும் வெப்பத்தை அது ஏற்றுக்கொண்டது. காற்றும் சிறிது கவர்ந்தது. எடை ஒன்றேயாயினும் வெப்பத்தை ஏற்கும் அளவு பொருள்தோறும் வேறுபடும் என்பதை 18ஆம் நூற்றாண்டில் தெளிவுறுத்தியவர் ஸ்காத்லாந்து அறிஞர் ஜோசப் பிளாக். அவருக்கு முன்பே பாரன்ஹீட் என்பார் நீரையும் பாதரசத்தையும் கலந்து பார்த்திருந்தார். 30 பாகையுள்ள நீரில் அதே எடையுடைய 80 பாகைப் பாதரசத்தைக் கலந்தால், நடுவெண்ணாகிய 55 வருமென்றே தோன்றும். உண்மையில் 32 பாகையைக்கூட எட்டாது!

இவற்றைப் பேரன் சொல்லி முடிப்பதற்குள் அப்பத்தா முழங்கையை நீரில் தோய்த்துப் பார்த்தார். அடுப்படியில் பழகிய உள்ளங்கை சூட்டைச் சரிவர உணராதாம். "இன்னும் கொஞ்சம் சூடு" என்று, ஒரு லிட்டர் கொள்ளும் செம்பால் ஒருமுறை தண்ணீர் மொண்டு ஊற்றினார். அவன் ஆவலோடு வெப்பமானியை நோக்கினான். 38க்குச் சற்றுக் கீழே நின்றது.

"அந்தக் கண்ணாடியை அப்பால் எடுத்து வை, பிள்ளை காலை உதைப்பாள்" என்றார் அப்பத்தா.